சின்ன கனெக்டர்களுக்குக் கிரிம்பிங் டூல் வாங்கப் போகிறீர்களா? பின் (pin) வகையிலிருந்து தொடங்குங்கள்

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு நீர்மட்டம் காட்டும் ஒரு கருவி செய்து மாட்டியிருந்தேன். சும்மா இருக்கும்போது ஒழுங்காக அளவு காட்டும். மோட்டார் ஓட ஆரம்பித்தால் எண்கள் தாறுமாறாகக் குதிக்கும். மூன்று இரவுகள் புரோகிராமைத் திருத்திப் பார்த்தேன். கடைசியில் சென்சார் வயரை விரலால் லேசாக அசைத்தபோதுதான் விஷயம் புரிந்தது. வயர் நுனியில் மூக்குப் பிளையரால் நசுக்கி மாட்டியிருந்த ஒரு பின்னுக்குள், அதாவது கனெக்டருக்குள் போகும் சின்ன உலோக முனைக்குள், செம்பு இழைகள் பிடிமானம் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தன. மோட்டார் அதிரும்போதெல்லாம் தொட்டுத் தொட்டு விட்டிருக்கிறது.

மாட்டிய அன்று மல்டிமீட்டரில் "பீப்" சத்தம் கேட்கத்தான் செய்தது. அந்தச் சத்தம் கம்பி எங்கோ தொடுகிறது என்பதை மட்டும்தான் சொல்லும். கெட்டியாகப் பிடித்திருக்கிறதா என்பதைச் சொல்லாது. அதற்கப்புறம்தான் பின்னை வயரோடு அழுத்தி இணைக்கும் ஒரு நல்ல கிரிம்பிங் டூலைத் தேட ஆரம்பித்தேன். தேடும்போது எல்லோரும் செய்யும் தவறையே நானும் செய்தேன்: முதலில் டூலை வாங்கிவிட்டு, அப்புறம் அது எந்தப் பின்னுக்குப் பொருந்தும் என்று பார்த்தேன். இது செருப்புக்காகக் காலை வெட்டுகிற கதை. பின், வயர், டூல் என்ற வரிசையில் போனால் ஒரே தடவையில் சரியானதை வாங்கிவிடலாம்.

பின்னுக்குள் என்ன நடக்கிறது

ஒரு பின்னைக் கையில் எடுத்து, ஃபோன் கேமராவில் ஜூம் செய்து பாருங்கள். வயர் நுழையும் பக்கத்தில் இரண்டு ஜோடி இறக்கைகள் தெரியும். முன்னால் இருக்கும் சின்ன ஜோடி, உரித்த செம்பைப் பிடிக்க. பின்னால் இருக்கும் பெரிய ஜோடி, பிளாஸ்டிக் உறையைப் பிடிக்க. மின்சாரம் போவது முதல் ஜோடி வழியாக. வயரை இழுத்தாலும் வளைத்தாலும் அந்த இழுப்பைத் தாங்குவது இரண்டாவது ஜோடி. இரண்டும் வேறு வேறு வேலை, வேறு வேறு அகலம். அதனால்தான் ஒரே சமமான வாயுள்ள பிளையரால் இரண்டையும் சரியாக மடக்க முடியாது.

நல்ல கிரிம்பில் முன் இறக்கைகள் இரண்டும் உள்பக்கமாகச் சுருண்டு, நடுவில் சந்தித்து, செம்பு இழைகளுக்குள் இறங்கும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில "பி" (B) எழுத்தைப் படுக்க வைத்தது போல இருக்கும். அந்த அழுத்தத்தில் இழைகளுக்கு இடையே இருக்கும் காற்று வெளியேறி, உலோகத்தோடு உலோகம் ஒட்டிக்கொள்கிறது. காற்று போக வழியில்லாத இடத்தில் துரு பிடிக்காது. பல வருடம் உழைப்பதற்குக் காரணம் அதுதான்.

பற்றவைக்காமல் அழுத்தியே இணைக்கும் இந்த முறையைப் பெரிய அளவில் வளர்த்தது 1941-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஏஎம்பி நிறுவனம். அதன் முதல் வாடிக்கையாளர்கள் விமானமும் கப்பலும் கட்டியவர்கள். சின்ன கனெக்டர்களுக்கு நாம் தினமும் சொல்லும் ஜேஎஸ்டி என்ற பெயரின் விரிவு ஜப்பான் சோல்டர்லெஸ் டெர்மினல். ஈயம் வேண்டாத டெர்மினல் என்பது பெயரிலேயே இருக்கிறது.

மோசமான கிரிம்ப் என்ன செய்யும் என்று ஒரு சின்னக் கணக்கு. பிடிமானம் இல்லாத இடத்தில் 0.1 ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதில் 3 ஆம்பியர் போனால் 0.3 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும், 0.9 வாட் சூடும் உண்டாகும். கடுகளவு உலோகத்தில் 0.9 வாட் என்பது பிளாஸ்டிக்கைப் பழுப்பாக்கும் சூடு. சூடானால் பிடி இன்னும் தளரும், தடை இன்னும் ஏறும். 3டி பிரிண்டர்களில் கனெக்டர் கருகிப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உங்களிடம் இருப்பது எந்தப் பின்?

"ஜேஎஸ்டி கனெக்டர்" என்று கேட்டால் எதுவும் கேட்டதாகாது. அது நிறுவனத்தின் பெயர். அதற்குள் பல குடும்பங்கள் இருக்கின்றன. ஹாபி வேலையில் அடிக்கடி வருபவை மூன்று. எக்ஸ்எச் குடும்பத்தில் பின்களுக்கு இடையே 2.5 மி.மீ. இடைவெளி. லித்தியம் பாலிமர் பேட்டரிகளின் பேலன்ஸ் பிளக் பெரும்பாலும் இதுதான். பிஎச் குடும்பத்தில் 2 மி.மீ. ஒற்றைச் செல் பேட்டரிகளில் வரும் சின்ன வெள்ளைப் பிளக் இது. எஸ்எச் குடும்பத்தில் 1 மி.மீ. தான். சென்சார் போர்டுகளில் க்விக் என்ற பெயரில் வரும் நான்கு கால் கனெக்டர் இந்த வகை.

எக்ஸ்எச்சின் 2.5 மி.மீ. வேறு, போர்டில் பற்றவைக்கும் பின் வரிசையான பெர்க் ஸ்டிரிப்பின் 2.54 மி.மீ. வேறு. நான்கு பின்னில் இந்த வித்தியாசம் தெரியாது, பொருந்திவிடும். பத்துப் பின்னில் 0.36 மி.மீ. தள்ளிப்போய்விடும், அப்போது இடிக்கும்.

அடுத்தது எல்லோரும் டூபாண்ட் என்று சொல்லும் கறுப்புக் கனெக்டர், ஜம்பர் வயரில் வருவது. நம் ஊரில் பின் ஹெடரை பெர்க் ஸ்டிரிப் என்கிறோம் இல்லையா? அந்த பெர்க் என்பது பெர்க் எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம். 1972-ல் அதை டூபாண்ட் வாங்கியது. பிறகு அந்தத் தொழில் எஃப்சிஐ என்ற கனெக்டர் நிறுவனத்தின் கைக்குப் போய், 2016-ல் ஆம்ஃபினால் நிறுவனத்திடம் சேர்ந்தது. ஆக, பெர்க் ஸ்டிரிப்பில் டூபாண்ட் வயரைச் செருகும்போது ஒரே குடும்பத்தின் இரண்டு பெயர்களைத்தான் சேர்க்கிறீர்கள். மூலப் பின்னின் பெயர் மினி-பிவி. அதற்கான நிறுவனத்தின் சொந்த டூல் நமக்கு எட்டாத விலை. கடையில் கிடைக்கும் பின்கள் பெரும்பாலும் அதைப் பார்த்துச் செய்த நகல்கள், அவற்றின் இறக்கை அளவு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ரெலிமேட் என்று கேட்டால் தரும் 2.54 மி.மீ. வெள்ளைக் கனெக்டரும் உங்களிடம் இருக்கலாம். மோலெக்ஸ் நிறுவனத்தின் கேகே கனெக்டர் மாதிரியில் அமைந்தது. பின் கொஞ்சம் அகலம், மன்னிக்கும் குணமுள்ளது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இப்போது ஒரு தாளில் எழுதுங்கள்: அடுத்த ஒரு வருடத்தில் நீங்கள் உண்மையாகப் பயன்படுத்தப் போகும் குடும்பங்கள் எவை? இரண்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் மேஜையில் எக்ஸ்எச்சும் டூபாண்டும் மட்டும்தான். இந்த முடிவு டூலுக்கு ஆகும் செலவைப் பாதியாகக் குறைத்துவிடும்.

வயர் பொருந்துகிறதா

ஒவ்வொரு பின்னுக்கும் இரண்டு எல்லைகள் உண்டு: செம்பின் தடிமன், உறையோடு சேர்ந்த வெளி விட்டம். முதலாவதை எல்லோரும் பார்ப்பார்கள். இரண்டாவதை மறந்துவிடுவார்கள், அங்கேதான் இடிக்கும்.

எக்ஸ்எச்சில் சாதாரணமாகக் கிடைக்கும் பின் ஏடபிள்யூஜி (அமெரிக்க வயர் அளவு, எண் ஏற ஏறக் கம்பி மெல்லிசு) 22 முதல் 28 வரையான கம்பிக்கும், 1.2 முதல் 1.9 மி.மீ. வரையான வெளி விட்டத்துக்கும் ஆனது. பிஎச் பின்னுக்கு ஏடபிள்யூஜி 24 முதல் 30, வெளி விட்டம் 0.8 முதல் 1.5 மி.மீ. இதை வைத்துப் பாருங்கள்: மெத்தென்று இருக்கும் சிலிக்கான் வயரில் ஏடபிள்யூஜி 24-ன் வெளி விட்டம் சுமார் 1.6 மி.மீ. செம்பு பிஎச் பின்னுக்குச் சரியான அளவு, ஆனால் உறை உள்ளே போகாது. எந்த டூலைக் கொண்டுவந்தாலும் அந்தக் கிரிம்ப் சரியாக வராது. டூலைக் குறை சொல்லிப் பயனில்லை.

நம் கடைகளில் வயரை 7/36, 14/36 என்று கேட்போம். 36 எஸ்டபிள்யூஜி (பிரிட்டிஷ் கம்பி அளவு) உள்ள ஏழு இழை, பதினான்கு இழை என்று அர்த்தம். ஓர் இழை 0.193 மி.மீ. ஏழு இழை சேர்ந்தால் 0.2 சதுர மி.மீ., அதாவது கிட்டத்தட்ட ஏடபிள்யூஜி 24. சின்ன கனெக்டர்களுக்கு இதுதான் நடுவான அளவு. 14/36 ஏடபிள்யூஜி 21-க்குப் பக்கத்தில் வரும், எக்ஸ்எச்சுக்குத் தடிமன். டூல் பெட்டியில் ஏடபிள்யூஜி எண்கள்தான் போட்டிருக்கும். எஸ்டபிள்யூஜியும் ஏடபிள்யூஜியும் வேறு வேறு கணக்கு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வாங்கும்போது ஒரு இழையைக் கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியமாக இருக்க வாய்ப்பு அதிகம். கிரிம்ப் செய்ய அது ஆகாது. வெள்ளீயம் பூசிய செம்பில் இதற்கு நேர்மாறாக வெளியே வெள்ளி, உள்ளே செம்பு நிறம் இருக்கும். அது நல்ல வயர்தான்.

சரி, எந்த டூல்?

ஒரு எச்சரிக்கை முதலில். கடையில் போய் "கிரிம்பிங் டூல்" என்று மட்டும் கேட்டால், இன்டர்நெட் கேபிளுக்கான ஆர்ஜே45 டூலையோ, சிவப்பு, நீல உறை போட்ட லக் அழுத்தும் டூலையோதான் எடுத்து வைப்பார்கள். என்னிடம் ஒரு கடையில் லக் டூலைக் காட்டி, "எல்லாத்துக்கும் இதுதான் சார்" என்றார்கள். அது மூடிய குழாயை வெளியிலிருந்து நசுக்கும் டூல். நமக்கு வேண்டியது திறந்த இறக்கைகளைச் சுருட்டும் டூல். வாயைத் திறந்து பார்த்தாலே வித்தியாசம் தெரியும். ஒரு தாடையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வளைவுகள், நடுவில் ஒரு கூர்மை இருக்க வேண்டும். எதிர்த் தாடையில் சாதாரணக் குழி. அந்த இரட்டை வளைவு இல்லாத டூலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மலிவு விலையில் இரண்டு வகை இருக்கின்றன.

முதல் வகை ராட்செட் உள்ளது. எஸ்என்-28பி, எஸ்என்-2549, எஸ்என்-01பிஎம் என்ற எண்களில் பல பிராண்டுகள் விற்கின்றன. இந்தியாவில் நான் பார்த்தவரை சுமார் 1000 முதல் 2000 ரூபாய். இதன் வாய் படி படியாக அமைந்தது: ஒரு பக்கம் செம்புக்கான குறுகல், அடுத்த பக்கம் உறைக்கான அகலம். ஒரே அழுத்தில் இரண்டு ஜோடி இறக்கைகளும் மடங்கிவிடும். முழு அழுத்தம் வரும் வரை ராட்செட் கையை விடாது. அதனால் நூறு பின் போட்டாலும் நூறும் ஒரே மாதிரி வரும்.

எஸ்என்-28பி தான் அதிகம் விற்கிறது. ரெலிமேட் பின்னுக்கும் டூபாண்ட் பின்னுக்கும் போதும். எக்ஸ்எச் பின்னுக்கு அதன் குழி கொஞ்சம் பெரியது. இறக்கை சுருண்டாலும் செம்பை இறுக்காமல் விட்டுவிடும் அபாயம் உண்டு. எக்ஸ்எச்தான் உங்கள் முதல் தேவை என்றால் எஸ்என்-2549 வாங்குங்கள். இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிதில்லை. டூபாண்டும் இதில் நன்றாக வரும். ஒரே டூல்தான் வாங்க முடியும் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இதைத்தான். எஸ்என்-48பி என்ற எண்ணைப் பார்த்தால் ஒதுங்கிவிடுங்கள். அது 4.8, 6.3 மி.மீ. பட்டை லக்குகளுக்கானது. எண்கள் ஒன்றுபோல இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள்.

இரண்டாம் வகையில் ராட்செட் கிடையாது. பார்க்கச் சாதாரண பிளையர் போல, நுனியில் வரிசையாகக் குழிகள் இருக்கும். ஜப்பானின் எஞ்சினியர் நிறுவனம் செய்யும் பிஏ-09 இதில் பெயர் பெற்றது. 1.0, 1.4, 1.6, 1.9 மி.மீ. என நான்கு குழிகள். எஸ்என் டூலைப் போல இரண்டு மூன்று மடங்கு விலை. இதே பாணியில் ஐடபிள்யூஎஸ்-3220எம் என்ற எண்ணில் மலிவான டூலும் இருக்கிறது. இந்த வகையில் செம்பு இறக்கையை ஒரு குழியிலும், உறை இறக்கையை அதைவிடப் பெரிய குழியிலும் தனித் தனியாக அழுத்த வேண்டும். வேலை இரட்டிப்பு, கைப்பழக்கமும் வேண்டும். ஆனால் பின் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் குழியை மாற்றிச் சமாளிக்கலாம். உறை கொஞ்சம் தடித்தாலும் பெரிய குழிக்குப் போகலாம். பிஎச் போன்ற 2 மி.மீ. பின்களுக்கு எஸ்என் வகையைவிட இதுதான் நம்பகம்.

எனவே என் தீர்ப்பு: ஒரே வகைப் பின், நிறைய எண்ணிக்கை என்றால் ராட்செட். பல வகைப் பின், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் என்றால் பிஏ-09 வகை. பழைய ரேடியோ, பிரிண்டர் என்று பழுது பார்க்கிறவர்களுக்கு இரண்டாவதுதான் கைகொடுக்கும். தாடையை மாற்றி மாட்டும் பெட்டி செட்டுகளை முதல் டூலாக வாங்க வேண்டாம். அதில் வரும் ஐந்து தாடையில் நமக்கு உதவுவது ஒன்றுதான், சில சமயம் அதுவும் இல்லை.

ஜேஎஸ்டி நிறுவனமே விற்கும் டூல்கள் ஒவ்வொரு பின்னுக்கும் தனித் தனியாக, நூற்றுக்கணக்கான டாலர் விலையில் இருக்கின்றன. தொழிற்சாலைக்கு அது நியாயமான செலவு. வீட்டு மேஜைக்குத் தேவையில்லை.

கையில் வந்ததும்

தாடைகளை மூடி வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். இரட்டை வளைவின் நடுக் கூர்மை, எதிர்க் குழியின் மத்தியில் நேராக இறங்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள், அதைச் சரிசெய்ய முடியாது. ராட்செட் டூலில் கைப்பிடிகளுக்கு நடுவே ஒரு சின்னப் பல் சக்கரமும் அதைப் பிடித்திருக்கும் திருகும் இருக்கும். திருகை எடுத்துச் சக்கரத்தை ஒரு பல் நகர்த்தினால் அழுத்தம் கூடும் அல்லது குறையும். வந்தவுடன் இதைத் தொட வேண்டாம். பத்துப் பின் போட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் ஒரு பல் மட்டும் நகர்த்துங்கள். வாய் நடுவில் சிக்கிக்கொண்டால் விடுவிக்க ஒரு நெம்புகோல் இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று முதலிலேயே பார்த்து வையுங்கள்.

அழுத்தும் முறை

உறையை 2 முதல் 3 மி.மீ. மட்டும் உரியுங்கள். ஏழு இழையில் ஒன்று அறுந்தால் செம்பில் 14 சதவீதம் போச்சு, அதனால் பல்லால் கடித்து உரிக்கிற வேலை வேண்டாம். இழைகளை லேசாக முறுக்கினால் போதும். பற்றவைக்கும் ஈயம் மட்டும் பூசிவிடாதீர்கள். ஈயம் மெத்தென்ற உலோகம், அழுத்தத்தில் மெல்ல மெல்ல நகர்ந்து இடம் கொடுத்துவிடும். இன்று இறுக்கமாக இருக்கும் பிடி சில மாதத்தில் தளர்ந்துவிடும்.

ராட்செட் டூலில், இறக்கைகள் இரட்டை வளைவைப் பார்க்கும்படி பின்னை வையுங்கள். செம்பு இறக்கை குறுகலான பக்கம், உறை இறக்கை அகலமான பக்கம். செருகும் முன்பகுதி தாடைக்கு வெளியே இருக்க வேண்டும். அது உள்ளே போனால் நசுங்கி, பின் வீண். ஒன்றிரண்டு கிளிக் மட்டும் அழுத்தினால் பின் விழாமல் நிற்கும். அப்புறம் வயரை நுழையுங்கள். உறையின் விளிம்பு இரண்டு ஜோடி இறக்கைகளுக்கும் நடுவில் வந்து நிற்க வேண்டும். இப்போது கடைசி வரை அழுத்துங்கள்.

பிஏ-09 வகையில் முதலில் செம்பு இறக்கை. எந்தக் குழி என்று சந்தேகம் வந்தால் பெரியதில் தொடங்குங்கள். பிடி தளர்வாக இருந்தால் அடுத்த சின்னக் குழிக்குப் போகலாம். சின்னதில் தொடங்கினால் இறக்கை பிளந்துவிடும், அதற்கப்புறம் திரும்ப வழியில்லை.

சரியாக வந்ததா?

ஃபோன் கேமராவைக் கிட்டே கொண்டு போங்கள். இரண்டு ஜோடிக்கும் நடுவே உள்ள இடைவெளியில் செம்பும் உறையும் இரண்டுமே தெரிய வேண்டும். செம்பு இறக்கைக்கு முன்னால் இழைகளின் நுனி கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். உறை இறக்கை உறையைத் தழுவிப் பிடிக்க வேண்டும், கிழித்து உள்ளே இறங்கக் கூடாது. பக்கத்திலிருந்து பார்த்தால் பின் வாழைப்பழம் போல வளைந்திருக்கக் கூடாது. வளைந்திருந்தால் அழுத்தம் அதிகம், சக்கரத்தை ஒரு பல் குறைக்க வேண்டும்.

கண்ணுக்கு நன்றாகத் தெரிவது போதாது. ஒரு பின்னைப் பலி கொடுங்கள்: அதன் முனையை வைஸில் பிடித்து, வயரின் மறுமுனையில் தண்ணீர் பாட்டிலைத் தொங்க விடுங்கள். உறை இறக்கையை மடக்காமல் செம்புப் பிடியை மட்டும் சோதித்தால் இன்னும் நல்லது, பிஏ-09 வகையில் இது எளிது. ஏடபிள்யூஜி 24 அல்லது 7/36 வயருக்கு 2 லிட்டர் பாட்டில், 28-க்கு 1 லிட்டர் பாட்டில் ஒரு நிமிடம் தாங்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் அளவு. வயர் உருவிக்கொண்டு வந்தால் குழி பெரியது அல்லது அழுத்தம் குறைவு. பின்னின் விளிம்பில் இழைகள் அறுந்து விழுந்தால் அழுத்தம் அதிகம். ஒவ்வொரு புதுப் பின் பாக்கெட்டுக்கும் இரண்டு பின் இப்படிச் செலவழிக்கிறேன். நகல் பின்களின் தகடு ஒரே தடிமனில் வருவதில்லை.

முதல் தடவை 100 பின் வாங்குங்கள். முதல் இருபது பழகுவதற்கே போகும், அதைச் செலவாக நினைக்க வேண்டாம்.

எஸ்எச் போன்ற 1 மி.மீ. பின்களுக்கு மட்டும் மலிவு டூல் தேடி அலையாதீர்கள். வயரோடு சேர்த்தே கிரிம்ப் செய்து விற்கிறார்கள். அதை வாங்கி ஹவுசிங்கில் (பின்கள் உட்காரும் பிளாஸ்டிக் கூடு) செருகி, மறுமுனையை வெட்டிப் பற்றவைத்துக்கொள்வதுதான் நிம்மதி. ரெலிமேட்டும் ஒரு முனை வயரோடு கிடைக்கிறது. வருடத்தில் பத்து கனெக்டர்தான் தேவை என்றால் டூலே வேண்டாம்.

பிஎச் பிளக்கில் பேட்டரி வயர் போடுகிறவர்கள் ஹவுசிங்கில் பின்னைச் செருகும் முன் போர்டில் உள்ள பிளஸ், மைனஸ் குறியைப் பாருங்கள். எந்தப் பக்கம் பிளஸ் என்பது விற்பவருக்கு விற்பவர் மாறுகிறது. ஹவுசிங் தலைகீழாக மாட்ட விடாது, ஆனால் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருந்தால் அதற்குத் தெரியாது. செருகிய பின்னை எடுக்க வேண்டுமானால் அதன் முதுகில் உள்ள சின்ன நாக்கை ஊசியால் அழுத்தி இழுங்கள், வந்துவிடும். திரும்பச் செருகும் முன் நாக்கைக் கொஞ்சம் தூக்கி விடுங்கள், "டிக்" என்று பூட்டிக்கொள்ளும்.